மூவரும் ஒருவரே

பேசுவதற்கு முன் யோசிக்கிறவர்களுக்குக் கெட்ட காலம் பிறந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. மனமானி என்ற இயந்திரத்தின் எதிரே ஆளை உட்கார வைப்பார்கள். அது கேள்வி கேட்கும். கேள்வி முடிந்த கணத்திலிருந்து ஒன்று புள்ளி மூன்று ஏழு விநாடிக்குள் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆசாமி எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். இந்த அளவுக்கு ராமநாதன் எண் என்று பெயர். ஓட்டுநர் உரிமம், வாத்தியார் வேலை, கப்பல் வேலை, பிள்ளை வளர்க்கும் உரிமை எல்லாவற்றுக்கும் இந்த எண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இது வந்த பிறகு திருநெல்வேலிப் பக்கத்தில் ஜனங்கள் பேசும் விதமே மாறிப்போனது. 'அது வந்து...' என்று இழுக்கிற பழக்கம் ஒழிந்தது. பட்டுப்பட்டென்று பேசச் சொல்லித் தருகிற பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை ஒரு மிடறு காபி விழுங்கிவிட்டுப் பதில் சொன்னார் என்று சம்பந்தம் முறிந்த கதையும் உண்டு. பாவம், காபி சூடாக இருந்திருக்கும்.

ஞானசௌந்தரிக்கு இந்த எண்ணோடு சண்டை ஒன்றும் இல்லை. தென்பொருநைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவும் பிரிவு அவள் பொறுப்பு. வயது ஐம்பத்தெட்டு, ஓய்வு பெற இன்னும் ஐந்து வாரம். அவளுடைய சண்டை ஓய்வூதிய அலுவலகத்தோடு. பள்ளிச் சான்றிதழில் அப்பா செல்லையாவின் 'செ.' இருந்தது. வேலைக்கு வந்தபின் புருஷன் தேவராஜின் 'தே.' ஏறியது. செ. ஞானசௌந்தரி என்பவர் எங்கே, தே. ஞானசௌந்தரி என்பவர் யார் என்று அலுவலகத்து இயந்திரம் நாலு மாதமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைத்தான் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இசக்கித்துரை வந்து நின்றான். நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. என்ன வேண்டும் என்று சௌந்தரி கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், கையிலிருந்த தாளைப் பார்த்தான். சௌந்தரியின் மனது தன்பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டது. எல்லோருக்கும் வந்துவிட்ட கெட்ட பழக்கம் அது. மூன்று என்று எண்ணும்போது அவன் வாயைத் திறந்தான்.

"ராமநாதன் எண்ணுக்கு ஆதாரமான ஆராய்ச்சி இங்க இருக்குன்னு சொன்னாங்க. அத நான் பாக்கணும்."

எதற்கு என்று சௌந்தரி கேட்டாள். கதையை அவன் நிதானமாகச் சொன்னான். மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவன் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன் தங்கச்சி விபத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய புருஷன் அதற்கு முன்பே போனவன். நிறைமதி என்று ஒரே பெண் குழந்தை, இப்போது ஆறு வயது. தாய்மாமன் என்ற முறையில் அவன்தான் வளர்த்தான். சட்டப்படி காப்பாளன் ஆவதற்கு மனமானி முன்னால் உட்கார்ந்தபோது எல்லாம் கெட்டது. குழந்தை மேல் எப்போதாவது கை ஓங்கியதுண்டா என்று அது கேட்டது. இல்லை என்று சொல்ல இசக்கித்துரைக்கு நாலு விநாடி ஆயிற்று.

"ஒரு தடவ ரோட்டப் பாத்து ஓடினா. கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தேன், கை செவந்துபோச்சு. அது ஓங்கினதுல சேருமா, சேராதான்னு யோசிச்சேன் மேடம். பொய் சொல்லிரக் கூடாதுல்லா."

மறைக்கிறவர் என்று சீட்டு வந்துவிட்டது. அன்றைக்கே நிறைமதியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏழு வாரமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அரை மணி நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருகிறான். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் காப்பாளர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டு விசாரணை. அதில் தோற்றால் குழந்தையை வெளியூரில் யாருக்காவது தத்துக் கொடுத்துவிடுவார்கள்.

மேல்முறையீட்டில் இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. எந்த ஆராய்ச்சியை நம்பி அது தீர்ப்புச் சொல்கிறதோ, அந்த ஆராய்ச்சியில் குறை காட்டலாம். அதுவும் மூலப் பிரதியை மேஜையில் வைத்துக் காட்ட வேண்டும், சுருக்கம் செல்லாது. பதினான்கு வருஷத்தில் ஒருத்தரும் காட்டியதில்லை. யார் போய்த் தேடுவார்கள்?

"காயில் கட்டுறப்போ சுத்து எண்ணணும் மேடம். நடுவுல ஆரும் கூப்பிட்டா எண்ணி முடிச்சிட்டுத்தான் பதில் சொல்லுவேன். இருவது வருசப் பழக்கம், போவ மாட்டேங்குது" என்று அவன் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான்.

சௌந்தரி ஓய்வூதிய விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் தள்ளினாள். நூலகத்தின் தேடுபொறிக்குத் துழாவி என்று பெயர். அவளும் அதுவும் பதினெட்டு வருஷமாக ஒரே மேஜையில் வேலை செய்கிறார்கள். பிடிக்காது என்று சொல்ல முடியாது, சில சமயம் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றும், அவ்வளவுதான். ராமநாதன் எண்ணின் ஆதாரங்களைக் கேட்டாள். கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்தது.

"மூன்று தனித்தனி ஆய்வுகள். ஆய்வாளர்கள் செண்பகவல்லி, வள்ளி, ராமநாதன். மூவரும் ஒரே முடிவுக்கு வந்துள்ளனர். சுருக்கம் தரட்டுமா?"

மூன்று தனித்தனி ஆராய்ச்சி ஒரே முடிவைச் சொன்னால்தான் மனமானி அதை விதியாக எடுத்துக்கொள்ளும். அது சட்டம். சுருக்கம் வேண்டாம், மூலம் எங்கே என்று சௌந்தரி கேட்டாள். அடித்தளத்தில், காகித வடிவில் என்றது துழாவி. அதை நீ முழுசாகப் படித்திருக்கிறாயா என்றாள். காகித வடிவில் உள்ளவற்றுக்குச் சுருக்கம் மட்டுமே படித்ததாகவும், சுருக்கமே போதுமானது என்றும் அது சொன்னது. சௌந்தரி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க இருவருக்கும் அடித்தளத்தில் போயிற்று. உளவியல் ரேக்குகளில் ஆய்வேடு இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன் இந்தப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென்று துறையே கிடையாது என்பது சௌந்தரிக்கு மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் நினைவுக்கு வந்தது. கல்வியியல் துறை ஆய்வேடுகள் எல்லாம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கிடந்தன. அங்கே, கறுப்பு ரெக்ஸின் அட்டையில் பொன்னெழுத்து உதிர்ந்துபோய், க. செண்பகவல்லியின் ஆய்வேடு அகப்பட்டது. தாமதமும் மறைத்தலும் என்று தலைப்பு. இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து மதுரையில் நடந்த கருத்தரங்கின் தொகுப்பு கிடைத்தது. ஆங்கிலத்தில் ஆர். ஷெண்பக வள்ளி என்று அச்சாகியிருந்தது. அதைத்தான் துழாவி வள்ளி என்று எடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டையும் அங்கிருந்த மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். அட்டவணைகளைப் பார்த்தாள். ஆய்வேட்டில் நாற்பது பேர், சராசரி ஒன்று புள்ளி மூன்று ஏழு. கருத்தரங்கக் கட்டுரையிலும் நாற்பது பேர், சராசரி ஒன்று புள்ளி மூன்று ஏழு. பதினேழாவது ஆள் இரண்டிலும் ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டு விநாடி எடுத்திருந்தார். கைபேசி வழியே துழாவியிடம் இதைச் சொன்னாள்.

"ஆய்வுகள் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது அவற்றின் உறுதியைக் காட்டுகிறது" என்றது துழாவி.

குட்டு வைக்கத் தோன்றிய சமயங்களில் அதுவும் ஒன்று. இது அப்பட்டமான திருட்டு என்று சௌந்தரி முடிவு கட்டினாள். செண்பகவல்லி என்கிற ஏதோ ஓர் அப்பாவிப் பெண் பாடுபட்டு எழுதியதை வள்ளி அடித்திருக்கிறாள். வள்ளியிடமிருந்து பெரிய மனிதர் ராமநாதன் அடித்துப் பெயர் வாங்கியிருக்கிறார். ஆண்கள் செய்கிற வேலைதானே என்று அவள் வாய்விட்டே சொன்னாள். இசக்கித்துரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஏதாவது சொல்வதற்குள் அவள் அடுத்த ரேக்குக்குப் போய்விட்டாள்.

ராமநாதனின் கட்டுரை வந்த வெளிநாட்டு இதழ் புதன்கிழமை பதினொன்றரைக்குக் கிடைத்தது. இடையில் இதழின் பெயர் மாறியிருந்தது, பழைய பெயரில் தேடியபோது பைண்டு செய்த வால்யூம் கண்ணில் பட்டது. அதை மேலே தன் மேஜைக்குக் கொண்டுவந்து விரித்தாள். ராமநாதன், எஸ். என்று கட்டுரைக்குக் கீழே போட்டிருந்தது. அதே நாற்பது பேர். பதினேழாவது ஆள் இங்கேயும் ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டில் தவறாமல் ஆஜர். சௌந்தரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படிப்பட்ட ஆளின் பெயரில் ஓர் எண், அதை வைத்து ஒரு குழந்தையைப் பிடுங்குவது என்று பொரிந்தாள்.

இசக்கித்துரை பக்கத்தின் அடியில் விரலை வைத்தான். பொடி எழுத்தில் கட்டுரையாளரின் முகவரி இருந்தது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு வழக்கம்போல் யோசித்தான்.

"யக்கா, இது சொரண்டைல இருக்க கடைல்லா" என்றான். மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று இருவரும் கவனிக்கவில்லை. "ராமநாதன் பம்ப் ஹவுஸ். நான் அவங்களுக்கு எத்தனையோ மோட்டார் கட்டிக் குடுத்திருக்கேன். இப்ப மவன் நடத்துதாரு."

உலகப் புகழ்பெற்ற மனோதத்துவ நிபுணருக்கு பம்பு செட் கடையில் என்ன வேலை? சௌந்தரி முகவரியைப் பார்த்தாள். ராமநாதன், எஸ். என்பதைப் பார்த்தாள். ஆர். ஷெண்பக வள்ளி என்பதைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து தன் விண்ணப்பத்தை வெளியே எடுத்தாள். செ. ஞானசௌந்தரி, தே. ஞானசௌந்தரி, இருவரும் ஒருவரே.  க. என்பது அப்பாவின் எழுத்து. ஆர். என்பது புருஷனின் எழுத்து. எஸ். என்பது, அட ஆண்டவரே, அந்தப் பெண்ணின் சொந்த எழுத்து. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவர் ஒருவராக இருப்பதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் கேட்டுக்கொண்டிருந்தும் தனக்கு இது இரண்டு நாளாக உறைக்கவில்லையே என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

கடை எண் இசக்கித்துரையின் கைபேசியில் இருந்தது. எடுத்தது ஒரு பெண் குரல். வயதான குரல், ஆனால் கணீரென்றிருந்தது. ராமநாதன் ஐயாவிடம் பேச வேண்டும் என்றாள் சௌந்தரி.

"அவுக போய் ஒம்பது வருசமாச்சே. மோட்டார் விசயமா?"

"மோட்டார் இல்லம்மா. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை விசயம். தாமதமும் மறைத்தலும்."

அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோயிற்று. சௌந்தரி எண்ணினாள். எட்டு வரை வந்தது.

"அது நான் எழுதினது" என்றது குரல்.

செண்பகவல்லி அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு முன் ஆய்வேட்டை எழுதினார். கல்யாணமான புதிதில் அதையே சுருக்கி மதுரையில் படித்தார். பிள்ளை பிறந்த பிறகு, இவ்வளவு பாடுபட்டது வீணாகப் போகிறதே என்று வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார். அதோடு ஆராய்ச்சி முடிந்தது, கடை வந்தது. இதை எல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

"அந்த ஃபாரத்துல குடும்பப் பேரு கட்டாயம்னு போட்டிருந்தான். நமக்கு ஏதும்மா குடும்பப் பேரு? அவுக பேர எழுதி அனுப்பிட்டேன். ஊரே ராமநாதன் எண்ணு, ராமநாதன் எண்ணுன்னு பேசுது. யாரோ பெரிய மனுசம்போலன்னு இருந்தேன். எங்க வீட்டு மனுசருன்னு யாருக்குத் தெரியும்?" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "என் சின்ன மவனுக்குக் கப்பல் வேல அதுலதாம்மா போச்சு. அவன் சின்னப்பிள்ளையிலயே யோசிச்சுத்தான் பேசுவான். எவம் இந்த எண்ணக் கண்டுபிடிச்சான்னு நான் ஏசாத ஏச்சு இல்ல."

அவர் அழுகிறார் என்று சௌந்தரிக்குப் புரிந்தது.   பிறகு செண்பகவல்லிதான், ஆய்வேட்டில் பதினோராம் பக்கத்தைப் படித்தாயா என்று கேட்டார். சௌந்தரி படிக்கவில்லை. எல்லா ஆய்வேட்டிலும் ஆய்வின் எல்லைகள் என்று ஒரு பக்கம் இருக்கும். எழுதுகிறவர் கடமைக்கு எழுதுவார், படிக்கிறவர் தாண்டிப் போவார். முப்பது வருஷ அனுபவத்தில் அவளும் எத்தனையோ முறை தாண்டியிருக்கிறாள். இப்போது புரட்டி, சத்தமாகவே படித்தாள்.

'நாற்பது பேரும் ஒரே காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரிபவர்கள். நான் கேள்வி கேட்டபோது அவர்களுடைய மேலாளரும் அதே அறையில் அமர்ந்திருந்தார். அவரை வெளியே போகச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. ஆகவே இந்தத் தாமதம் மறைப்பதால் வந்ததா, மேலாளருக்குப் பயந்ததால் வந்ததா என்பதை இவ்வாய்வால் சொல்ல இயலாது.'

"மதுரையில எட்டுப் பக்கத்துக்கு மேல கூடாதுன்னுட்டாங்க. அந்தப் பக்கத்த எடுத்துட்டேன்" என்றார் செண்பகவல்லி. "தப்பு என்னுதுதான். நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு அவர் தீர்ப்பாயத்தின் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பழைய பாஸ்போர்ட், மகன்களின் பிறப்புச் சான்றிதழ்கள், கையெழுத்துப் பிரதி. எல்லாவற்றுக்கும் மேலே, க. செண்பகவல்லியும் ரா. செண்பகவல்லியும் ஒருவரே என்று எந்தக் காலத்திலோ ஒரு தாசில்தார் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட தாள், பழுப்பேறிப்போய். அதைப் பார்த்ததும் சௌந்தரிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

தீர்ப்பாயத்தின் தலைவர் பெரியநாயகம். வேகவேகமாகப் பேசிப் பழகியவர், ராமநாதன் எண் வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கிடையாது. வலது பக்கச் சுவரில் மனமானி. அதன் மேல் ஒரு பெரிய விநாடி எண்ணி. யார் பேசினாலும் அது ஓடும், ஒன்று புள்ளி மூன்று ஏழைத் தாண்டினால் சிவப்பாகும். இசக்கித்துரை எழுந்து நின்று பெயரைச் சொல்வதற்குள்ளேயே சிவப்பாகிவிட்டது. தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

சௌந்தரி மூன்று கட்டுகளையும் மேஜையில் வைத்தாள். மேல்முறையீடு செய்பவருக்காக நூலகர் பேசலாமா என்று தலைவர் கேட்டார். விதியில் கூடாதென்று இல்லை என்றாள் அவள், ஒரு விநாடிக்குள். முப்பது வருஷம் விதிப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவள். ராமநாதன் எண்ணுக்கு ஆதாரமான ஆய்வாளர்கள் தனித்தனி நபர்களா என்று மனமானியிடம் கேட்கும்படி அவள் தலைவரைக் கேட்டுக்கொண்டாள். அவர் கேட்டார்.

"ஆம். மூன்று ஆய்வாளர்கள், தனித்தனி நபர்கள்." விநாடி எண்ணி பூஜ்யம் புள்ளி இரண்டில் நின்றது.

செண்பகவல்லி அம்மாள் எழுந்து தன் தாள்களை ஒவ்வொன்றாக மனமானியின் கண்ணாடிக்கு முன் பிடித்தார். பச்சை மைச் சான்றிதழ். பாஸ்போர்ட்டில் பெயர் ஷெண்பகவல்லி, குடும்பப் பெயர் ராமநாதன். அட்டவணைகள், மூன்றிலும் பதினேழாவது ஆள். கையெழுத்துப் பிரதி. கடைசியாக, பதினோராம் பக்கம். அறையில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தங்கள் முறைக்காகக் காத்திருந்த அவர்களில் பாதிப் பேர் மறைக்கிறவர்கள் என்று சீட்டு வாங்கியவர்கள். 

தலைவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். "இந்த மூன்று பேரும் தனித்தனி ஆளா?"

விநாடி எண்ணி ஓடத் தொடங்கியது. ஒன்று. ஒன்று புள்ளி மூன்று ஏழு. சிவப்பு. மூன்று. ஐந்து. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏழு. ஒன்பது. சிரிப்பு அறை முழுக்கப் பரவியது, வாசலில் நின்ற காவலர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். செண்பகவல்லி அம்மாள் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"சிரிக்காதீய. அது இப்பத்தான் யோசிக்குது. யோசிக்கட்டும்."

அறை அடங்கியது. பதினொன்று புள்ளி ஆறில் மனமானி பேசியது.

"மூவரும் ஒருவரே. ஆதாரம் ஓர் ஆய்வு மட்டுமே. அதன் எல்லையை நான் படித்திருக்கவில்லை. இந்த எண்ணை நான் பயன்படுத்தியிருக்கக் கூடாது."

சௌந்தரிக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. இயந்திரம் ஒப்புக்கொண்டதை நினைத்தா, காகிதத்தில் செ.யும் தே.யுமாகப் பிரிந்து கிடந்த தன் ஆயுசை நினைத்தா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெரியநாயகம் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் அவர் யோசித்தார். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அவர் யோசிப்பதை அறை பார்த்தது. தலைக்கு மேல் விநாடி எண்ணி சிவப்பாகிக்கொண்டே போனது. அவர் நிமிர்ந்து பார்த்து, முதலில் அந்தச் சனியனை நிறுத்துங்கள் என்றார். காவலர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்.

ராமநாதன் எண்ணின்படி சொன்ன தீர்ப்புகள் எல்லாம் ரத்து, ஒவ்வொன்றும் மறுவிசாரணைக்கு வரும் என்று அவர் எழுதினார். இப்படி முதலெழுத்தால் பிரிந்துபோன பெயர்களை எல்லா இயந்திரங்களும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். நிறைமதியின் காப்பாளர் அவளுடைய தாய்மாமன் இசக்கித்துரை, குழந்தையை இன்றே ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு செண்பகவல்லி அம்மாளைப் பார்த்து, நாற்பது வருஷமாகப் பெயர் மாறிக் கிடந்ததற்குப் பரிகாரமாக அந்த அளவைக்குச் செண்பகவல்லி எண் என்று பெயர் வைக்கப் பரிந்துரை செய்யட்டுமா என்று கேட்டார்.

"ஐயோ, வேண்டாமய்யா" என்றார் அவர். "அவுக பேரையும் எடுத்திருங்க. பாவம், பம்பு செட்டு வித்த மனுசன்."

அதன் பிறகு நடந்ததை நெல்லையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அறையில் இருந்த மறைக்கிறவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து இசக்கித்துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொருவரும் ஏதாவது சொல்ல வாயைத் திறந்து, கொஞ்சம் நிறுத்தி, 'அது வந்து...' என்று ஆற அமர இழுத்தார்கள். ஒரு ஓட்டுநர் அந்த 'அது வந்து' என்பதையே நாலு தடவை சொல்லிவிட்டு வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். சொல்ல அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை, அதைச் சொல்ல முடிந்ததுதான் அவருக்குப் பெரிசு.

செண்பகவல்லி அம்மாள் வாசலுக்கு வந்ததும் சின்ன மகனைக் கைபேசியில் கூப்பிட்டார். அவன் எடுத்தான். அவர் விஷயத்தைச் சொன்னார். மகன் ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

சௌந்தரியின் கைபேசியிலும் ஒரு செய்தி வந்தது. ஓய்வூதிய அலுவலகம். முதலெழுத்து மாறியதால் பிரிந்துபோன பெயர்களை எல்லா இயந்திரங்களும் மறுபடி பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. செ. ஞானசௌந்தரியும் தே. ஞானசௌந்தரியும் ஒருவரே என்று கண்டறியப்பட்டதாகவும், சிரமத்துக்கு வருந்துவதாகவும் அதில் இருந்தது. தாசில்தார் விண்ணப்பத்தை அவள் நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குப்பைத்தொட்டியில் போட மனசு வரவில்லை.

நாலு மணிக்குக் காப்பகத்துக்கு அவளும் கூடப் போனாள். இசக்கித்துரை கூப்பிட்டான், அதனால் போனதாகத்தான் சொல்லிக்கொண்டாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பாள். கண்ணாடிக் கதவு திறந்தது. நிறைமதி முதுகுப் பையோடு வந்து, மாமனிடம் ஓடாமல், நாலடி தள்ளியே நின்றாள். ஏழு வாரமும் அரை மணி ஆனதும் அவன் திரும்பிப் போவதைப் பார்த்த பிள்ளை. இன்றைக்கும் போய்விடுவானோ என்று அவள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. இசக்கித்துரை முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"மாமா, இனிமே என்னைய விட்டுட்டுப் போவ..."

சௌந்தரியின் மனது பழைய பழக்கத்தில் எண்ணுவதற்குத் தயாரானது. ஆனால் எண்ண ஒன்றுமே இருக்கவில்லை.

"மாட்டேன்" என்றான் இசக்கித்துரை, கேள்வி முடிவதற்குள்.